வைரமும் வைரமும்

கல்கத்தாவில் ஒரு வங்காளியின் பூர்வோத்தரத்தை அறிய வேண்டுமானால் அவருடைய கோத்திரத்தை விசாரிக்க வேண்டியதில்லை. மீன் கடையில் அவர் எந்தக் கூடையின் முன் நிற்கிறார் என்று கவனித்தால் போதும். 'இலிஷ்' என்று அவர்கள் கொண்டாடும் உல்ல மீனின் முன் நின்றால் அவர் ஈஸ்ட் பெங்கால் கட்சி. இறால் கூடையின் முன் நின்றால் மோஹன் பகான் கட்சி. இரண்டு கால்பந்துக் கோஷ்டிகளும் மோதுகிற தினத்தில், வென்ற கட்சியின் மீனுக்கு மாலையில் விலை ஏறிவிடும் என்பது அவ்வூரில் பிரசித்தமான பேச்சு. மரக்கறி உண்ணும் நேயர்கள் இந்த உதாரணத்தைப் பொறுத்தருள வேண்டும். இதைவிடச் சுருக்கமாக அந்த நகரத்தின் பிளவை எடுத்துச் சொல்ல எனக்கு வழி தோன்றவில்லை.

"வாத்தியாரே, பந்தாட்டத்தைப் பற்றி எழுத உமக்கு என்ன யோக்கியதை?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் எழுதப் புகுந்தது ஆட்டத்தைப் பற்றி அல்ல. ஆட்டத்துக்கு முன் நடக்கும் பேச்சைப் பற்றி. பேச்சு விஷயத்தில் பள்ளிக்கூட உபாத்தியாயனுக்கு இல்லாத யோக்கியதை வேறு யாருக்கு உண்டு?

வங்காளத்துப் பழைய வீடுகளில் தெருவைப் பார்த்தாற்போல் ஒரு மேடை கட்டியிருப்பார்கள். அதற்கு 'ரோயாக்' என்று பெயர். நம் ஊர்த் திண்ணைதான். தூண் மட்டும் பெரும்பாலும் இராது. அந்த மேடையில் உட்கார்ந்து உலக விவகாரங்களை அலசுவதற்கு 'ஆட்டா' என்று பெயர். அரசியல், நாடகம், ரவீந்திர சங்கீதம் எல்லாம் அங்கே அடிபடும். ஆனால் மோஹன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் சந்திக்கும் வாரத்தில் மற்ற விஷயங்கள் யாவும் திண்ணையிலிருந்து இறங்கிவிட வேண்டியதுதான்.

பகையின் மூலத்தைச் சிறிது சொல்லி விடுகிறேன். மோஹன் பகான் 1889-ல் பிறந்தது. 1911 ஜூலை 29-ந் தேதி ஐ. எப். ஏ. கேடய இறுதி ஆட்டத்தில், ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டு என்னும் வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கோஷ்டியை 2-1 என்று வென்றது. பதினோரு பேரில் ஒருவரைத் தவிர மற்றப் பத்துப் பேரும் வெறுங்காலால் பூட்ஸ் கால்களை எதிர்த்தவர்கள். வங்காளம் மட்டுமல்ல, பாரத தேசமே அன்று தலை நிமிர்ந்தது. பிறகு 1920-ல் ஒரு சிறு மனத்தாங்கல். மோஹன் பகானுக்கு எதிராக ஆடிய ஜோடாபகான் கோஷ்டியில் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டார்கள். அவர் கிழக்கு வங்காளத்துக்காரர். அது கண்டு பொறாத சுரேஷ் சந்திர சௌதுரி என்பவர் விலகி, நண்பர்களுடன் சேர்ந்து ஈஸ்ட் பெங்கால் கிளப்பைத் தொடங்கினார். 1925-ல் லீக் ஆட்டத்தில் இரு கோஷ்டிகளும் முதன்முதலாக மோதியபோது புதிய கட்சியே 1-0 என்று வென்றது.

இந்த அளவோடு நின்றிருந்தால் இது ஒரு பங்காளிக் காய்ச்சல், அவ்வளவுதான். 1947-ல் தேசம் பிரிந்தது. வீடு, வயல், ஆறு அனைத்தையும் விட்டு லக்ஷக்கணக்கானவர்கள் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரில் இருந்த பழங்குடிகளுக்கு 'கோட்டி' என்றும், வந்தவர்களுக்கு 'பாங்கால்' என்றும் பெயர். வந்தவர்களின் பேச்சைக் கேட்டும் சமையலைப் பார்த்தும் இருந்தவர்கள் நகைத்தார்கள். கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்களுக்குச் சிவப்பும் பொன்னிறமும் கலந்த ஒரு கொடி கிடைத்தது. அதைப் பற்றிக் கொண்டார்கள். ஆகையால் அவர்கள் திண்ணையில் 'பின்காவலர் யார், முன்னணியில் யார்' என்று வாதிக்கும்போது, அங்கே கேட்கப்படுவது பந்தாட்டக் கேள்வி ஒன்று மட்டும் அல்ல.

இனி, கதைக்கு வருகிறேன்.

1997-ஆம் வருஷம், ஜூலை மாதம். பெடரேஷன் கோப்பைப் பந்தயத்தின் அரை இறுதியில் இந்த இரண்டு கோஷ்டிகளும் மோத நேர்ந்தது. லீக் ஆட்டமாயிருந்தால் இன்று தோற்றாலும் நாளை ஈடு செய்து கொள்ளலாம். அரை இறுதி அப்படியல்ல. தோற்றவர் வீட்டுக்கு, வென்றவர் இறுதிக்கு. தேதி 13, ஞாயிற்றுக்கிழமை. இடம் ஸால்ட் லேக் மைதானம்.

இரு பக்கத்துத் துரோணாசாரியர்களும் சாமானியர் அல்ல. மோஹன் பகானுக்கு அமல் தத்தர்; சொந்தச் செலவில் இங்கிலாந்து சென்று பயிற்சி முறைகளைக் கற்று வந்தவர்; வெளிநாட்டு ஆட்டங்களின் படச்சுருள்களை ஊர் ஊராகக் காட்டிப் பாமர ஜனங்களுக்குப் பந்தாட்ட வித்தையை விளக்கியவர். ஈஸ்ட் பெங்காலுக்குப் பி. கே. பானர்ஜி, 1960-ல் ரோம் ஒலிம்பிக் பந்தயத்தில் பாரத கோஷ்டிக்குத் தலைமை வகித்தவர், 1962-ல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கப் பதக்கம் பெற்ற கோஷ்டியில் ஆடியவர். ஆட்டக்காரராக இருந்த காலத்தில் பெரும்பாலும் கிழக்கு ரயில்வேக்காக ஆடினார். இந்த இரண்டு கிளப்புகளில் எதற்கும் ஆடாதவர், பின்னால் இரண்டுக்குமே பயிற்சியாளரானார் என்பது ஒரு விநோதம். தத்தரும் அப்படியே இரு கொடிகளின் கீழும் வேலை பார்த்தவர். 1969-ல் அவர் மோஹன் பகானில் இருந்தபோது கேடய இறுதியில் ஈஸ்ட் பெங்கால் 3-1 என்று தோற்றது. 1975-ல் பானர்ஜி ஈஸ்ட் பெங்காலில் இருந்தபோது அதே கேடய இறுதியில் மோஹன் பகான் 5-0 என்று தோற்றது. 'ஐந்து' என்ற எண்ணைக் கேட்டாலே அந்தக் கட்சிப் பெரியவர்களுக்கு வெகுகாலம் முகம் சுருங்கும்.

அந்த வருஷம் தத்தர் ஒரு புதிய வியூகத்தைக் கையாண்டு வந்தார். 'டயமண்ட்' முறை என்று பத்திரிகைகள் கொண்டாடின. நாம் 'வைர வியூகம்' என்போம். மகாபாரத யுத்தத்தில் பாண்டவர் சேனைக்கு அர்ச்சுனன் வகுத்தது வஜ்ர வியூகம். வஜ்ரம் என்பது இந்திரனுடைய ஆயுதம். அதுவே வைரக் கல்லும் ஆகும். நம் தமிழிலோ 'வைரம்' என்றால் கல்லும் உண்டு, தீராப் பகையும் உண்டு. அந்த ஜூலை மாதத்தில் கல்கத்தாவுக்கு இரண்டு பொருளும் பொருந்தியிருந்தன.

வைர வியூகம் என்றால் என்ன? கரும்பலகை இல்லாத குறையை மனக் கண்ணால் தீர்த்துக் கொள்ளுங்கள். நடுக்களத்தில் நான்கு ஆட்டக்காரர்கள். ஒருவர் பின்னால், தம் காவலர்களுக்கு முன்பாக. ஒருவர் முன்னால், கோல் போடுகிறவர்களின் முதுகை ஒட்டினாற்போல். இருவர் இடமும் வலமும். கோடு போட்டு இணைத்தால் சாய்ந்த சதுரமாகிய வைர வடிவம் வரும். இதில் லாபம் யாதெனில், பந்தை வைத்திருப்பவனுக்கு எப்பொழுதும் அருகில் இரண்டு மூன்று துணைகள் இருப்பார்கள். குறுகிய தூரத்தில் பந்தைத் தட்டித் தட்டி எதிரியின் நடுக்களத்தையே விழுங்கி விடலாம். நஷ்டம் யாதெனில், மைதானத்தின் இரண்டு ஓரங்களும் காலியாகும். அந்த ஓரங்களை நிரப்பப் பின்காவலர்கள்தாம் முன்னேறி ஓட வேண்டும். அவர்கள் முன்னேறின பிறகு அவர்கள் விட்டுப் போன இடத்தில் யார் இருப்பார்கள்? பந்தை நாம் வைத்திருக்கும் வரையில் இந்தக் கேள்வி எழுவதில்லை. பந்தை இழந்த அந்த க்ஷணத்தில் எழும்.

கால் இறுதியில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் கோஷ்டியை மோஹன் பகான் 6-0 என்று நசுக்கியிருந்தது. ஆறு கோல்! பிறகு கேட்க வேண்டுமா? திண்ணைகள் இரண்டுபட்டன. ஈஸ்ட் பெங்காலுக்கும் மோஹன் பகானுக்கும் இடையில் வாதம் என்று எண்ணிவிடாதீர்கள். அது வெறும் வசவு. அதில் சுவாரஸ்யம் குறைவு. உண்மையான வாதம் எப்பொழுதும் ஒரே கட்சிக்குள்தான். அந்த வழக்கை, வகுப்பில் செய்கிற மாதிரி, இரண்டு வாதிகளின் வாயில் வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

கல்லூரி மாணவன் ஒருவன். மார்பில் பச்சையும் அரக்கும் கலந்த சட்டை. "ஆறு கோல் போட்ட வியூகத்தை மாற்றுவாரா யாராவது? நாம் மாற வேண்டியதில்லை, நம்மைப் பார்த்து அவர்கள் மாறட்டும்" என்கிறான்.

பக்கத்தில் ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர். ஐந்து கோல் வாங்கிய வருஷத்தை அநுபவித்தவர். "தம்பி, கோவாக்காரர்கள் நம் ஆட்டத்தை அன்றுதான் பார்த்தார்கள். இவர்களோ நம் அடுத்த தெருக்காரர்கள். நாம் தும்மினால் அவர்களுக்குத் தெரியும். வியூகத்தின் பெயர் பத்திரிகையிலேயே வந்துவிட்டது. தண்டோராப் போட்டுவிட்டுப் பதுங்கியிருந்து தாக்குவார் உண்டோ?"

"தெரிந்தால் என்ன, பெரியவரே? தெரிந்தும் தடுக்க முடியாததுதானே நல்ல வியூகம்!"

"இருக்கலாம். ஒன்று மட்டும் சொல். நம் பின்காவலர் ஓடி முன்னே போய்விட்டார். பந்து பறிபோயிற்று. அந்தப் பக்கத்தில் பாய்ச்சுங் நிற்கிறான். அவனைத் துரத்தப் போவது யார்? நீயா?"

மாணவனிடம் இதற்குப் பதில் இல்லை என்று நினைக்க வேண்டாம். "பந்து பறிபோனால்தானே!" என்பான். கேட்பதற்கு விதண்டாவாதம் போலிருக்கும். ஆனால் தாக்கி ஆடும் முறைகள் அனைத்துக்கும் ஆதாரமான தத்துவம் அதுவே. எதிரியிடம் பந்து இல்லாவிட்டால் எதிரி கோல் போட முடியாது. இந்தத் தத்துவத்தை நம்பி ஆடிய கோஷ்டிகள் உலகக் கோப்பையும் வென்றிருக்கின்றன. ஆகவே குமாஸ்தா புத்திசாலி, மாணவன் அசடு என்று தீர்ப்பளிக்க நான் தயாராக இல்லை. இருவரும் ஒரே கணக்கை இரு முனையிலிருந்து போடுகிறார்கள். பந்து எத்தனை முறை பறிபோகும் என்பதுதான் அந்தக் கணக்கில் தெரியாத எண். அதுவோ மழைக் காலம். தரையில் ஈரம் கண்டால் குறுந்தட்டுகள் தடுமாறும், அந்த எண் ஏறும். ஆறு கோல் போட்ட ஆட்டத்தை மட்டும் வைத்துக் கொண்டு அதைச் சிறிய எண் என்று மாணவன் எண்ணுகிறான். ஒரு பரீக்ஷையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன் அடுத்த பரீக்ஷைக்குப் புஸ்தகத்தைத் திறக்காமல் போவதை நான் இருபது வருஷமாகப் பார்த்து வருகிறேன்.

எதிர்த் தெருத் திண்ணையில் கவலை வேறு விதமானது. மோஹன் பகானின் முன்னணியில் சீமா ஒக்கோரி என்ற நைஜீரியர். இரும்புத் தூண் போன்ற தேகம். முன்னொரு காலத்தில் இவர்களுடைய கொடியின் கீழேயே ஆடியவர். அவர் வலிமையை இவர்களுக்கு ஒருவர் வர்ணிக்க வேண்டியதில்லை. அவரை ஓர் ஆள் நிழல் போல் தொடர்வதா, அல்லது அவருக்குப் பந்து வரும் வழியையே அடைப்பதா? வைரத்தின் முன் முனையை உடைத்தால் பந்து வராது என்று ஒருவர். முனையை உடைக்க ஆளை அனுப்பினால் பின்னால் ஆள் குறையுமே என்று மற்றொருவர். "நாமும் நடுக்களத்தில் ஆளைக் குவிப்போம்" என்று ஒரு கட்சி. "வேண்டாம், அவர்கள் முன்னேறி வரட்டும், வரவர அவர்களுக்குப் பின்னால் மைதானம் அகலும், நீளமாக ஓர் உதை உதைத்தால் பாய்ச்சுங் பார்த்துக் கொள்வான்" என்று இன்னொரு கட்சி. பொறுமையாய்க் காத்திருப்பது கோழைத்தனமா, சாமர்த்தியமா என்பதுதான் சாரம். அகதியாய் வந்து, காத்திருந்து, அங்குலம் அங்குலமாக வாழ்வை மீட்டுக் கொண்ட ஜனங்களுக்குப் பொறுமையின் பக்கம் சாய்வு இருந்தால் அதிசயமில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இரண்டு கட்சிக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் அந்நகரில் அநேகம். அவ்வீடுகளில் வாதம் திண்ணையோடு நிற்காமல் அடுப்பங்கரை வரையில் போகும். எந்த மீன் சமைப்பது என்பதை ஆட்டம் முடிந்த பிறகே தீர்மானிப்பதுதான் அங்கெல்லாம் விவேகம்.

பாய்ச்சுங் பூடியாவுக்கு அப்பொழுது 20 வயது. சிக்கிம் மலைநாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். இந்த இடத்தில்தான் வாதத்தில் விஷம் கலந்தது. தத்தர் தம் வியூகத்தைப் பற்றிப் பேசியதோடு நிற்காமல் எதிரிகளுக்குப் பட்டப் பெயர்களும் சூட்டினார். பாய்ச்சுங்கைச் 'சம்சம்' என்றார். அது வங்காளத்து மிட்டாய். ஒமொல்லோ என்ற கென்யாக்காரரை 'ஆம்லெட்' ஆக்கினார். ஸோஸோ என்பவரை வெள்ளரிக்காய் ஆக்கினார். வங்க மொழியில் வெள்ளரிக்காய்க்கு 'ஷொஷா' என்று பெயர். ரஸிகர்கள் சிரித்தார்கள், பத்திரிகைகளும் சிரித்தன. அது வரையில் 'பின்னால் யார் நிற்பது' என்று கேட்டுக் கொண்டிருந்த திண்ணை, 'சம்சம்மை எப்படி விழுங்குவது' என்று பேச ஆரம்பித்தது. எதிரியை எடை போட வேண்டிய வேளையில் அவனை ஏளனம் செய்வதைப் போன்ற சோம்பேறித்தனம் வேறில்லை. குமாஸ்தாவின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கேள்வியே சிரிப்பில் அமிழ்ந்து போயிற்று.

பானர்ஜியோ வாய்ப்பேச்சினாலேயே ஆட்டக்காரர்களின் ரத்தத்தைச் சூடேற்றுவதில் மன்னர். அதற்கு 'வோகல் டானிக்' என்றே பெயர் வழங்கியது. அப்படிப்பட்டவரிடம் எதிராளியே மருந்தை வலியக் கொண்டு வந்து கொடுத்தால் விடுவாரா?

திண்ணையில் சில பெரியவர்கள் இன்னொரு காரணத்துக்காகவும் கவலைப்பட்டிருப்பார்கள். 1980 ஆகஸ்டு 16-ந் தேதி ஈடன் தோட்டத்தில் இதே இரு கோஷ்டிகளின் லீக் ஆட்டத்தின்போது ரஸிகர்களிடையே கலகம் மூண்டு, நெரிசலில் 16 பேர் மாண்டு போனார்கள். காலையில் வீட்டில் சொல்லிக் கொண்டு புறப்பட்டவர்கள் அவர்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் அவர்களை நினைவு கூர்கிறார்கள். வியூகத்தைப் பற்றி எவ்வளவு காரமாக வாதித்தாலும் யாரும் சாவதில்லை. வாதம் தீர்ந்து போய், வசவு மட்டும் மிஞ்சும்போதுதான் கை ஓங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைதானத்தில் கூடியவர்கள் 1,31,781 பேர் என்று கணக்கு. பாரத தேசத்தில் வேறெந்த விளையாட்டுக்கும் அவ்வளவு கூட்டம் கூடியதாகத் தகவல் இல்லை. எதிர்க் கோஷ்டி கோல் போட்டால் பாதி மைதானம் ஊமையாகி, மற்றப் பாதி இடி முழக்கமாகும் காட்சியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள்.

ஆட்டத்தை விவரிக்க வேண்டிய அவசியமில்லை. ஈஸ்ட் பெங்கால் 4, மோஹன் பகான் 1. நஜிமுல் ஹக் ஒரு கோல். மோஹன் பகானின் ஒரே கோல் சீமாவினுடையது. மற்ற மூன்றையும் போட்டவர் அந்த மிட்டாய்ப் பையன்தான்.

மறுநாள் திண்ணையில் என்ன பேச்சு நடந்திருக்கும்? "நான் அப்பொழுதே சொன்னேன்" என்று குமாஸ்தா சொல்லியிருப்பார், சொல்ல உரிமையுள்ளவர். ஆனால் நான் மாணவனை முழுதும் கைவிட மாட்டேன். தோற்றது வியூகம் அல்ல. எதிரி இன்னார் என்று பாராமல் எல்லார் மீதும் ஒரே வியூகத்தை ஏவியதுதான். அடுத்த தெருக்காரனுக்காக ஒரு பின்காவலரைப் பின்னாலேயே நிறுத்தி வைத்திருந்தால் வைரத்தின் ஒளி சிறிது மங்கியிருக்கும், தலை தப்பியிருக்கலாம். இது என் கட்சி. வங்காளத்தில் இதை மறுப்பவர்கள் ஆயிரக் கணக்கில் உண்டு. பாரத தேசத்துப் பயிற்சியாளர் ஒருவர் துணிந்து புதிய முறையைப் புகுத்தினார், ஒரு நாள் தோல்விக்காக அதைப் பழிப்பதா என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. தத்தர் 2016-லும் பானர்ஜி 2020-லும் காலஞ்சென்றார்கள். வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

ஈஸ்ட் பெங்கால் அந்தக் கோப்பையை வென்றதா என்று கேட்பீர்கள். இல்லை. இறுதி ஆட்டத்தில் கோவாவின் ஸல்காவ்கர் கோஷ்டியிடம் 2-1 என்று தோற்றுப் போயிற்று. அந்த ஆட்டத்தின் வியூகத்தைப் பற்றித் திண்ணைகளில் அதிகம் பேச்சில்லை.